லேஅவுட்டில் விட்ட இடம்

அல்வாலில் மனை வாங்கிய எந்தக் குடும்பத்தின் பீரோவிலும் ஒரு நீலத்தாள் மடித்து வைத்திருக்கும். மடிப்புகளில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, ஓரம் பழுத்துப்போன லேஅவுட் பிளான். கட்டம் கட்டமாக மனைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், நடுவே 30 அடி, 25 அடி, 20 அடி என்று தெருக்கள், ஓரத்தில் சர்வே நம்பர், கீழே சர்பஞ்ச் கையெழுத்தும் பஞ்சாயத்து ரப்பர் ஸ்டாம்பும். ஏதாவது ஒரு மூலையில் எண் போடாத ஒரு கட்டம் இருக்கும். அதில் 'பார்க்' அல்லது 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று எழுதியிருப்பார்கள். உள்ளாட்சியின் டவுன் பிளானிங் பிரிவில் டிரேசராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன் நான். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி அந்த எண் இல்லாத கட்டத்தைச் சுற்றியே போனது.

செகந்திராபாத்துக்கு வடக்கே, கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரியை ஒட்டியது அல்வால். ஒரு பக்கம் லோத்குண்டா வழியாகக் கன்டோன்மென்ட், இன்னொரு பக்கம் பொல்லாரம், ஊடே நிஜாமாபாத் போகும் ரயில் பாதை. பட்டாளம் போன இடத்துக்கெல்லாம் தமிழர்களும் போனார்கள். சென்னைப் படையோடு வந்த சமையற்காரர், சலவைக்காரர், மேஸ்திரி, கணக்கர் ஆகியோரின் வாரிசுகள் இந்தப் பக்கத்தில் நாலைந்து தலைமுறையாக இருக்கிறார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கன்டோன்மென்ட் எல்லைக்குள் இடம் வாங்குவது கஷ்டம். எல்லை தாண்டினால் அல்வால். திருமுல்கெரி மிலிட்டரி ஆஸ்பத்திரியும் கேன்டீனும் பக்கத்திலேயே. மனை விலையும் அன்றைக்குக் கைக்கு எட்டியது. ராணுவ ஸ்டோரில் சிவிலியன் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா 200 கஜம் வாங்கியதும் அப்படித்தான்.

கஜக் கணக்கு தெரியாமல் ஹைதராபாத்தில் இந்த வேலையைச் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் சென்ட், கிரவுண்டு என்பது போல இங்கே குண்டாவும் சதுர கஜமும். ஒரு ஏக்கர் 40 குண்டா, ஒரு குண்டா 121 கஜம், ஆக ஏக்கருக்கு 4,840 கஜம். நிலக்காரரால் விற்க முடிவது மனையைத்தான், தெருவை விற்க முடியாது. நூறடி நீளத் தெருவின் அகலத்தைப் பத்தடி குறைத்தால் ஆயிரம் சதுர அடி, அதாவது 111 கஜம் மிச்சமாகும். அது அரை மனை. விதிப்படி திறந்தவெளிக்கு விட வேண்டிய பத்து சதவீதம் ஏக்கருக்கு 484 கஜம். அதில் இரண்டு நல்ல மனைகள் விழும். ஓர் ஊரின் தெரு ஏன் குறுகலாக இருக்கிறது, பூங்கா ஏன் இல்லை என்று யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். பேராசை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவதைவிட, ஒவ்வொரு அடிக்கும் அன்றைக்கு என்ன விலை இருந்தது என்று பார்ப்பது பிரயோஜனமானது.

ஹைதராபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் 1975இல் வந்தது. நாங்கள் ஹுடா என்போம். லேஅவுட்டுக்கு அதன் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆனாலும் புறநகர் முழுக்கப் பஞ்சாயத்து ஸ்டாம்போடு மனைகள் விற்றுக்கொண்டே இருந்தன. அல்வால் பஞ்சாயத்திலிருந்து நகராட்சியானது. 2001 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2007 ஏப்ரல் 16 அன்று 12 நகராட்சிகளையும் 8 பஞ்சாயத்துகளையும் ஹைதராபாத்தோடு சேர்த்துச் சுமார் 650 சதுர கிலோமீட்டரில் பெருநகர மாநகராட்சி அமைந்தபோது, எங்கள் ஊர் அதில் ஒரு சர்க்கிள் ஆயிற்று. பெயர்ப்பலகைகள் மாறினாலும் தெருக்கள் எல்லாம் அதற்கு வெகுகாலம் முன்பே விழுந்திருந்தன. நகராட்சி வரும்போது ஊரின் உருவம் முடிவாகியிருக்கும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை நிலைமை. காலித்தாளில் வரைவதற்குத்தான் கல்லூரியில் கற்றுக்கொடுக்கிறார்கள். உள்ளாட்சியில் கிடைப்பது ஏற்கெனவே வரைந்து, விற்று, கட்டி முடித்த தாள்.

அனுமதி பெற்ற லேஅவுட்டுக்கும் பஞ்சாயத்து லேஅவுட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பத்திரத்தில் இருக்கிறது. முன்னதில் தெருக்களையும் திறந்தவெளியையும் உள்ளாட்சிக்குக் கிஃப்ட் டீடாக, அதாவது தானப் பத்திரமாக, ரிஜிஸ்டர் செய்துகொடுக்க வேண்டும். பின்னதில் படம் மட்டும்தான். 'பார்க்' என்று எழுதிய இடம் ரெவென்யூ ரெக்கார்டில் பழைய பட்டாதாரர் பெயரிலேயே கிடக்கும். அவர் காலமாவார், பிள்ளைகள் பாகம் பிரிப்பார்கள், கஜம் நூறு ரூபாயில் தொடங்கியது பல்லாயிரத்துக்குப் போயிருக்கும். அப்போது அந்தக் கட்டத்துக்கும் ஓர் எண் முளைக்கும். கடைசி மனை எண்ணோடு ஒரு 'ஏ', ஒரு 'பி' சேர்ந்துவிடும்.

அப்படி ஒரு காலனிக்கு நான் அழைக்கப்பட்டேன். பெயர் வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் போட்ட லேஅவுட். சுமார் 900 கஜம் காலியிடம். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், போனாலு பண்டிகைக்குப் பந்தல் போடுவார்கள், யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் சமையல் அங்கேதான். ஒருநாள் காலையில் காம்பவுண்டுக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். தோண்டியவரிடம் ரிஜிஸ்டர் பத்திரம் இருந்தது. காலனி மக்களிடம் நீலத்தாள் மட்டும்தான். அந்தத் தாளிலும் ஆளுக்கொரு பிரதி. சிலவற்றில் 'பார்க்' இருந்தது, பிறகு எடுத்த பிரதிகளில் அதே இடத்தில் கோடு கிழித்து எண் போட்டிருந்தது.

அந்த இடத்தின் சொந்தப் பத்திரத்தில் எதைத் தேடியும் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. சுற்றியுள்ள வீடுகளின் பத்திரங்களைக் கேட்டேன். ஒவ்வொரு கிரயப் பத்திரத்தின் கடைசியிலும் ஷெட்யூல் இருக்கும். வடக்கே இன்ன மனை, தெற்கே இத்தனை அடி ரோடு என்று நான்கெல்லை எழுதியிருக்கும். தமிழ்நாட்டுப் பத்திர எழுத்தர்கள் செக்குபந்தி என்பார்கள். காலியிடத்தைச் சுற்றி ஒன்பது வீடுகள். ஒரு வீட்டுக்கு அது கிழக்கெல்லை, இன்னொன்றுக்குத் தெற்கெல்லை. 1982, 83 வாக்கில் எழுதிய பத்திரங்களில் அந்தப் பக்கத்தைப் பிடித்துப் பார்த்தால் 'பார்க்', 'பார்க் பிளேஸ்', 'லேஅவுட் ஓப்பன் லேண்ட்' என்று பத்திர எழுத்தர் தம் கைப்பட எழுதியிருந்தார். அதை எழுத வைத்தவர் விற்ற அதே பட்டாதாரர். எல்லையில் பூங்கா இருக்கிறது என்று சொல்லித்தான் ஒன்பது பேருக்கும் விற்றிருக்கிறார். அந்த ஒன்பது பத்திரங்களின் சான்றிட்ட நகல்களைச் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் எடுக்க வைத்து, ஒரு தாளில் மனைகளை வரைந்து, ஒவ்வொரு எல்லைக்கோட்டின் மேலும் பத்திர எண்ணையும் அதில் இருந்த வார்த்தையையும் எழுதினேன். என் கையால் வரைந்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

விஷயம் கோர்ட்டுக்குப் போய், வழக்கு நீண்டது. பெங்களூரில் குடியிருப்புப் பகுதியின் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் நர்ஸிங்ஹோமுக்குத் தந்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எங்கள் வழக்கறிஞருக்குக் கைகொடுத்தது. பூங்கா அந்தப் பகுதி மக்களுக்கானது, அவர்களே வழக்குக்கு வரலாம் என்பதை உறுதியாக்கிய தீர்ப்பு அது. கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு இடம் நின்றது. மீதியில் அதற்குள் வீடு எழும்பிவிட்டது. வாங்கியவர் பணி ஓய்வுப் பணத்தைப் போட்டவர். அவரைத் தப்பானவராகப் பார்க்க என்னால் முடியவில்லை. பத்திரப் பதிவில் எங்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை, வங்கி கடன் கொடுத்தது, அவர் வாங்கினார். படத்துக்கும் பதிவேட்டுக்கும் இடையில் யாரும் நிற்காத இடைவெளியில் இரண்டு தரப்பும் விழுந்தன.

அந்த இடைவெளியைப் பணத்தால் நிரப்பப் பார்த்ததுதான் எல்.ஆர்.எஸ். லேஅவுட் வரன்முறைத் திட்டம் 2007 டிசம்பர் 31 அரசாணையில் தொடங்கி, தெலங்கானா வந்தபின் 2015இலும் 2020இலும் மறுபடி வந்தது. 2020இல் மாநிலம் முழுக்க 25 லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள். அனுமதியில்லாத மனை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். லேஅவுட்டில் திறந்தவெளி இல்லையென்றால், மனை மதிப்பில் 14 சதவீதத்தை அதற்கு ஈடாகக் கட்ட வேண்டும். கட்டினால் மனை முறையாகிவிடும், வீடு கட்ட அனுமதி கிடைக்கும், வங்கிக் கடன் கிடைக்கும். வருடக்கணக்காக ரெண்டுங்கெட்டானாக இருந்த குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நூறு மனைக்காரர்கள் கட்டிய 14 சதவீதத்தைச் சேர்த்தாலும் அந்த நூறு மனைகளுக்கு நடுவே ஒரு குண்டா நிலம் வாங்க முடியாது. இடம் அங்கே இல்லவே இல்லை. இழந்தது நிலம், வசூலானது பணம். வசூலான பணத்தை அந்தந்தக் காலனிக்கு நடந்துபோகும் தூரத்தில் எங்காவது திறந்தவெளி வாங்க மட்டுமே செலவிட வேண்டும் என்று விதி செய்திருந்தால், இன்று அல்வாலில் பல இடங்களில் பிள்ளைகள் ரோட்டில் விளையாட வேண்டியிருக்காது.

தெருவின் கதை வேறு. பூங்கா போனால் போனதுதான், தெருவை மட்டும் மெதுவாக மீட்கலாம். இருபதடித் தெருவில் ஒருவர் பழைய ஓட்டுவீட்டை இடித்து மாடி கட்ட பிளான் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு 30 அடி ஆக வேண்டும் என்று விதி இருந்தால், தெருவின் நடுக்கோட்டிலிருந்து 15 அடி விட்டுத்தான் அவர் எல்லை தொடங்கும். செயின்மேன் டேப்பின் ஒரு முனையை நடுவில் பிடிப்பார், நான் மறுமுனையோடு சுவருக்குப் போவேன், பத்தடியில் சுவர் இடிக்கும். மீதி ஐந்தடி அவர் விட வேண்டியது. சிவப்பு பெயிண்டால் ஒரு குறி.

இந்த ஐந்தடியை வைத்து நடந்த வாக்குவாதங்களை எழுதினால் புத்தகமாகும். எதிர்வீட்டுக்காரர் விடாதபோது நான் மட்டும் ஏன் விட வேண்டும் என்பதுதான் எப்போதும் கேள்வி. நியாயமான கேள்வி. எதிர்வீட்டுக்காரர் அடுத்த முப்பது வருடம் இடித்துக் கட்டப்போவதில்லை. அதுவரை தெரு, பல் விழுந்த வாய் போல, ஓரிடத்தில் உள்ளே போய் ஓரிடத்தில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். விட்ட ஐந்தடியில் இவர் காரை நிறுத்துவார், பிறகு அங்கே ஒரு ஷெட் வரும், பிறகு ஒரு மளிகைக்கடை ஷட்டர். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முதல் வீட்டுக்காரர் பிளானோடு வந்ததும் அந்தத் தெருவின் எல்லா வீட்டுக்காரர்களையும் ஒரு மாலை நிற்க வைத்துத் தெரு முழுக்க நடுக்கோட்டை அளந்து, இரு பக்கமும் குறி போட்டுவிடுவேன். இன்று யாரும் எதையும் இடிக்க வேண்டாம். ஆனால் அவரவர் கோடு எங்கே என்று அவரவருக்கும் எதிர்வீட்டுக்கும் தெரிந்துவிடும். பொதுக்கோட்டை எல்லோர் கண்ணிலும் போட்டபின் சண்டை குறைந்தது. விதி புத்தகத்தில் இருந்தவரை அது எனக்கும் மனைக்காரருக்கும் நடுவிலான பேரமாகத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

2020 நவம்பரில் டி.எஸ்.-பி.பாஸ் என்ற ஆன்லைன் கட்டட அனுமதி முறை வந்தது. 75 கஜம் வரையிலான சிறிய மனைக்கு அனுமதியே தேவையில்லை, பதிவு செய்தால் போதும். 500 சதுர மீட்டர் வரை, பத்து மீட்டர் உயரம் வரை, சொந்த உறுதிமொழியின் பேரில் உடனடி அனுமதி. அதற்கு மேலே 21 நாள். அலுவலக வாசலில் பைலோடு காத்திருந்த தலைமுறையைப் பார்த்தவன் என்ற முறையில் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் கணினி ஒவ்வொரு மனையையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. தெரு முழுவதையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு நாள் அந்த முறையில் எங்கும் இல்லை. அதை யாராவது சேர்க்க வேண்டும்.

தண்ணீருக்கு வருகிறேன். அல்வாலில் சின்னராயுனி செருவு, கொத்த செருவு என்று ஏரிகள் இருக்கின்றன. தக்காணத்து ஏரிகள் எல்லாம் தமிழ்நாட்டு ஏரிகளைப் போலத்தான். மேட்டில் ஒன்று நிரம்பிக் கலிங்கு வழிந்து அடுத்ததுக்குப் போகும், கடைசியில் மூசி ஆறு. இங்கே கலிங்கை அலுகு என்கிறார்கள், மடையைத் தூமு என்கிறார்கள். நிரம்பி நிற்கும்போது தண்ணீர் தொடும் கோடு எஃப்.டி.எல். பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரி என்றால் அந்தக் கோட்டிலிருந்து 30 மீட்டர், அதற்குக் குறைந்தது என்றால் 9 மீட்டர் எதுவும் கட்டக்கூடாது என்று 2012 கட்டட விதிகள் சொல்கின்றன. கோடையில் வறண்ட தரையில் நின்று அந்தக் கோட்டைக் காட்டினால் எவரும் நம்ப மாட்டார்கள். ஏரிக்குள் இருக்கும் சிக்கம் நிலங்களில் சிலவற்றுக்குப் பட்டா உண்டு, தண்ணீர் வடிந்தால் பயிர் செய்யும் உரிமை உண்டு. விவசாயம் செய்யத்தான் அந்த உரிமை. அதுவே மனையாகிவிட்ட இடங்களில் எங்கள் வேலை கையைக் கட்டிப்போட்ட வேலை.

2020 அக்டோபர் 13 மழையை ஹைதராபாத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அதன்பின்தான் நாலாக்களை, அதாவது மழைநீர்க் கால்வாய்களை, சீரமைக்க எஸ்.என்.டி.பி. என்ற தனித் திட்டமே வந்தது. நான் ஓய்வு பெற்றிருந்தேன். தண்ணீர் புகுந்த ஒரு பகுதியின் காலனிச் சங்கம் அழைத்தது. வடிகாலுக்கு எஸ்டிமேட் போட வேண்டும், படம் வேண்டும் என்றார்கள். சங்கக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் சொந்த வீட்டுக்காரர்கள், எல்லாம் ஆண்கள். தாழ்வான பகுதியில் வாடகைக்கு இருப்பவர்களும் பஸ்தியில் இருப்பவர்களும் அங்கே இல்லை. ராத்திரி எட்டு மணிக் கூட்டத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். அதனால் ஒரு ஞாயிறு காலை, தண்ணீர் டேங்க்குக்குப் பக்கத்து சிமென்ட் தரையில் கோலமாவால் காலனியை வரைந்தேன். தெருவெல்லாம் வெள்ளைக்கோடு, வீட்டுக்கு ஒரு கூழாங்கல். கோலம் என்றால் பெண்கள் நின்று பார்ப்பார்கள். பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள், பிறகு என் கையிலிருந்து மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

தண்ணீர் போன வழியை நீலப்பொடியால் போடச் சொன்னேன். லெவல் எடுத்த சர்வே படத்தை வைத்து நான் ஒரு கோடு போட்டிருந்தேன். பட்டாளத்துக்காரர் மனைவி, எழுபது தாண்டிய ஒரு பாட்டி, கம்பை ஊன்றிக்கொண்டு என் கோட்டை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பக்கம் தண்ணி போகாதுப்பா. முன்னே போச்சு. அந்தச் சுவரு கட்டுனதிலேருந்து இப்படித் திரும்பி, எங்க சந்துலதான் வரும். எங்க வீட்டுப் படி மூணும் முழுகுனா அப்புறந்தான் உங்க கோட்டுக்குப் போகும்."

தெலுங்கில் இன்னொரு பெண் அதை ஆமோதித்தார். ரோட்டுக்கு அடியில் போகும் குழாயில் எப்போதும் பாதிதான் தண்ணீர் நுழைகிறது, மீதி மேலே ஏறுகிறது என்று ஒரு பையன் சொன்னான். போய்ப் பார்த்தோம். நாலடி அகலக் கால்வாய் வந்து இரண்டடி விட்டக் குழாயில் நுழைந்துகொண்டிருந்தது. எஸ்டிமேட்டில் அந்தக் குழாயே இல்லை. மேட்டுத் தெருவில் வீட்டு வாசல்களுக்கு முன்னால் அழகாக மூடிபோட்ட சாக்கடைதான் கேட்டிருந்தார்கள். அன்று மதியமே அந்தத் தரையைப் படம் எடுத்து, கோட்டுப்படமாக்கி, குழாயை எடுத்துவிட்டுப் பெட்டிக் கல்வெட்டு போட வேண்டும் என்று முதல் வரியில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த நிதியாண்டில் அந்த வேலை நடந்தது. மேட்டுத் தெருக்காரர்கள் சிலருக்கு இன்றும் என்மேல் வருத்தம் உண்டு.

இப்படிக் கேட்டுப் பார்த்து வரைவது ஏதோ புதுமுறை இல்லை. சென்னை கவர்னர் பென்ட்லண்ட் அழைத்து பாட்ரிக் கெடிஸ் 1914இல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. வேறு படங்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சி வைத்தார். பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றிவந்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கடியான இடத்தை வெட்டி நேர்த்தெரு போடும் திட்டம் இருந்தது. அவர் சந்து சந்தாக நடந்து, குறைந்த வீடுகளை மட்டும் எடுத்து, மிச்சத்தைக் காப்பாற்றும் மாற்றுத் திட்டம் தந்தார். செலவும் பல மடங்கு குறைவு. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. நூறு வருடத்துக்குமுன் நம் பக்கத்திலேயே செய்து காட்டிய முறை இது.

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சிக்கான 18 பொறுப்புகளின் பட்டியலில் முதலாவதே நகரமைப்பு. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் ஹைதராபாத்தில் மாஸ்டர் பிளான், 2008இல் ஹுடாவின் இடத்தில் வந்த பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பு. அமைந்தபோதே அதன் எல்லை ஏழாயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த அளவில் அல்வால் ஒரு மஞ்சள் திட்டு, 'குடியிருப்பு' என்று அர்த்தம். ஒன்பது பத்திரங்களின் நடுவில் இருந்த பூங்காவோ, இரண்டடிக் குழாயோ அதில் தெரியாது, தெரியவும் கூடாது. அவ்வளவு பெரிய படத்தின் வேலை அது அல்ல. மறுமுனையில் தனி மனையின் அனுமதி. நடுவில் தெருவும் காலனியும் வார்டும் இருக்கும் அளவில் ஒரு படமும் இல்லை. என் தொழில் முழுக்க நான் தேடியது அந்த நடுத்தாளைத்தான்.

கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தில் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்துக் கூட்டம் கூட்டமாகப் பேச வைத்தது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபைகள் முதல்முறையாகக் கூடின. ஹைதராபாத்தில் 2023 ஜூனில் 150 வார்டுகளிலும் வார்டு அலுவலகங்கள் திறந்தார்கள். சுகாதாரம், மின்சாரம், குடிநீர், டவுன் பிளானிங் என்று பத்துப் பேர் ஒரே கூரையின் கீழ். அந்த 150இல் அல்வால் பக்கத்துக்கு அப்போது மூன்று: மச்ச பொல்லாரம், அல்வால், வெங்கடாபுரம். இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் பேச ஆள் இருக்கிறது, மனு எழுத இடம் இருக்கிறது. மேஜைமேல் விரித்துவைக்கப் படம் இல்லை. படம் இல்லாத கூட்டம் புகார்க் கூட்டமாகத்தான் முடிகிறது. என் வீட்டு வாசலில் குப்பை, என் தெருவில் விளக்கு இல்லை என்று ஆளுக்கொன்றைச் சொல்லிவிட்டுக் கலைந்துபோவார்கள்.

அந்த வார்டுத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று இளம் அதிகாரிகள் கேட்பதுண்டு. முதலில் பழைய கிராம நக்ஷாவையும் திப்பனையும், தமிழ்நாட்டில் எஃப்.எம்.பி. என்பதுபோல், அடியில் போடுங்கள். அதன்மேல் ஒவ்வொரு லேஅவுட்டையும், அனுமதி உள்ளதோ இல்லாததோ, சர்வே நம்பர் பொருந்தும்படி வையுங்கள். திறந்தவெளி ஒவ்வொன்றிலும் கிஃப்ட் டீட் எண்ணை எழுதுங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். அலுகு, தூமு, நாலா, குழாயின் விட்டம். தெருவின் நடுக்கோடும் வர வேண்டிய அகலமும். கன்டோன்மென்ட் எல்லை. ஹக்கீம்பேட்டை விமானப்படைத் தளத்தால் உயரக் கட்டுப்பாடு உள்ள பகுதிகள். பிறகு அந்தத் தாளின் ஒரு பிரதி சப்-ரிஜிஸ்ட்ரார் மேஜைக்குப் போக வேண்டும். திறந்தவெளி என்று குறித்த இடத்துக்குப் பத்திரம் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். இன்னொரு பிரதி வார்டு அலுவலகச் சுவரில், எவரும் கையால் தொட்டுக் காட்டும் உயரத்தில்.

இதை இப்போதே செய்ய வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் அல்வாலில் பெரிய அரசு மருத்துவமனைக்கு அடிக்கல் வைத்தார்கள். 2023 ஏப்ரலில் மேட்சல் வரை எம்.எம்.டி.எஸ். ரயில் ஓடத் தொடங்கியது. 2024 மார்ச்சில் பாரடைஸிலிருந்து ஷாமீர்பேட்டை வெளிவட்டச் சாலை வரை சுமார் 18 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மூன்றும் எங்களுக்கு வேண்டியவை. மூன்றும் சேர்ந்து ராஜீவ் ரஹதாரிக்கு இருபுறமும் இருக்கும் ஒவ்வொரு கஜத்தின் விலையையும் ஏற்றும். பத்திரமில்லாத திறந்தவெளிகள், அளக்காத ஏரிக்கோடுகள், குறி போடாத தெருக்கள் எவை எவை என்று இன்று கேட்டால் அந்தந்தக் காலனியின் பெரியவர்களுக்குத் தெரியும். பீரோக்களில் தாள் இருக்கிறது, பத்திரங்களில் எல்லை எழுதியிருக்கிறது. சங்கங்களிடம் நான் சொல்வது இதுதான்: இந்த மாதமே உங்கள் காலியிடத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் பத்திர நகல்களைச் சேருங்கள், நான்கெல்லைப் பக்கத்தை மட்டும் ஒரு கோப்பாக்கி வார்டு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெங்கடாபுரம் பக்கத்தில் இரண்டு காலனிகள் ஆரம்பித்துவிட்டன. படம் போட்டுத்தர நான் போய்க்கொண்டிருக்கிறேன்.